மூச்சடக்கி முங்குவது யார் வேலை?

இராமநாதபுரத்தில் சமூகப்பணி படிக்கும் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருக்கிறார்: "பாலினம் என்பது சமூகம் கட்டியது என்று பாடத்தில் வருகிறது. ஆணும் பெண்ணும் பிறப்பிலேயே வேறுதானே, இதில் சமூகம் எங்கே வந்தது? வேற்றுப் பண்பாட்டு ஆட்களோடு பேசும்போது இதனால் என்ன வித்தியாசம்? அடுத்த மாதம் ஒரு வெளிநாட்டு ஆய்வுக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக நம் கடலோர ஊர்களுக்குப் போகிறேன். அதற்கும் உதவுகிற மாதிரி சொல்லுங்கள்."

இந்தக் கரையில் மகளிர் குழுக்களோடு நெடுங்காலம் வேலை செய்தவள் நான். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு மொழிபெயர்த்தும் இருக்கிறேன். அதனால் பாடப்புத்தக விளக்கத்தைச் சுருக்கிவிட்டு, நம் கடலிலிருந்தே சொல்கிறேன்.

உடம்பு பிறப்போடு வருகிறது. கருத்தரிப்பதும் பால் கொடுப்பதும் யாரும் கூடிப் பேசி முடிவு செய்தவை அல்ல. ஆனால் அந்த உடம்புள்ளவர் என்ன வேலை செய்யலாம், எவ்வளவு சத்தமாகச் சிரிக்கலாம், எந்த இடத்தில் நிற்கலாம், அந்நியர் வந்தால் யார் முதலில் பேசுவது, வீடு யார் பேரில் இருப்பது என்பதையெல்லாம் ஊர்தான் முடிவு செய்கிறது. இந்த இரண்டாவதைத்தான் பாலினம் என்கிறோம். அது ஊருக்கு ஊர் மாறுகிறது, காலத்துக்குக் காலம் மாறுகிறது. பிறப்பிலேயே வந்ததாக இருந்தால் இப்படி மாறாது.

பாம்பன் தீவில் சின்னப்பாலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கும் மன்னார் வளைகுடாக் கரையின் மற்ற பல ஊர்களிலும் பெண்கள் கடல்பாசி எடுக்கிறார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை, கண்ணுக்குத் தண்ணீர் புகாத கண்ணாடி, பாறை கீறாமல் இருக்க விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் கட்டிய வலைப்பை. மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்தையும் கட்டைக்கோரையையும் பிய்த்துக்கொண்டு மேலே வருவார்கள். மரிக்கொழுந்துப் பாசி, அகர் என்ற கூழ்போல் உறையும் பொருளைத் தயாரிக்கப் போகிறது. மணிக்கணக்கில் நடக்கிற வேலை. உடம்பில் உப்பும் சிராய்ப்பும் மிச்சம்.

இதே கடலில் சங்கு குளிப்பவர்கள் ஆண்கள். முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் முங்கியவர்கள் ஆண்கள்தான். பெண்கள் ஏன் சங்குக்குப் போவதில்லை என்று கேட்டால், பெண் உடம்புக்கு ஆழம் ஆகாது என்று பதில் வரும். சரி, ஜப்பானுக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே மூச்சடக்கிச் சிப்பியும் கடல் நத்தையும் எடுத்த 'அமா' எனப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். மிகிமோட்டோ கோகிச்சி 1893-இல் வளர்ப்பு முத்தை உருவாக்கிய பிறகு, அந்தத் தொழிலுக்குச் சிப்பி எடுத்துக் கொடுத்ததும் பெண்களே. ஏன் பெண்கள் என்று அங்கே கேட்டால், பெண் உடம்பில் கொழுப்பு அதிகம், குளிரைத் தாங்கும் என்பார்கள். தென்கொரியாவின் ஜெஜு தீவிலும் 'ஹேன்யோ' என்ற பெண்கள்தான் முங்குகிறார்கள். அங்கே ஒரு காலத்தில் ஆண்களும் முங்கினார்கள். 18ஆம் நூற்றாண்டு வாக்கில் பெண்கள் எண்ணிக்கையில் மிஞ்சிவிட்டார்கள். அரசுக்குக் கடல்பொருளைத் திறையாகக் கட்ட வேண்டிய சுமை ஆண்கள்மேல் விழுந்ததும், அது தாங்காமல் ஆண்கள் தீவை விட்டு ஓடியதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. வரி போட்டதால் மாறிய வேலைப் பிரிவினை, பிறகு உடம்பின் இயல்பாகவே பேசப்படுகிறது.

இதைத்தான் நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்த ஊரும் தன் ஏற்பாட்டை ஏற்பாடு என்று சொல்வதில்லை. இயற்கை என்று சொல்லும், சாமி சொன்னது என்று சொல்லும். நம் கரையில் பல ஊர்களில், பெண் ஏறினால் மீன்பாடு குறையும் என்று மீன்பிடிப் படகில் பெண்களை ஏற்ற மாட்டார்கள். அதே பெண்கள் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் படகில்தான் போகிறார்கள். அதில் யாருக்கும் முரண்பாடு தெரிவதில்லை.

சமூகம் கட்டியது என்றால் பொய், நினைத்தால் ஊதித் தள்ளிவிடலாம் என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. பாக் நீரிணையில் 1974-லும் மன்னார் வளைகுடாவில் 1976-லும் இந்திய, இலங்கை அரசுகள் பேசி ஒரு கடல் எல்லையை வரைந்தன. தண்ணீரில் எந்தக் கோடும் தெரியாது. மீனுக்கும் தெரியாது. ஆனாலும் அதைத் தாண்டினால் படகு பறிபோகும், ஆளும் சிறைக்குப் போவார். பாலின எல்லையும் இதே மாதிரிதான். மனிதர்கள் போட்டதுதான், மீறியவருக்கு விழுகிற அடியும் உண்மைதான். தனியாக இரவில் ஏலக்கூடத்தில் நிற்கிற பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியும்.

அது நம் கண் முன்னாலேயே மாறியும் இருக்கிறது. பருத்தி நூல் காலத்தில் வலை பின்னுவது வீட்டுப் பெண்களின் கைத்தொழில். நைலான் வலையும் எந்திரமும் வந்த பிறகு அந்த வேலை போனது. படகு சொந்தக் கரையில் ஒதுங்கியவரை கூடையோடு போய் மீனை வாங்கி விற்ற பெண்கள், விசைப்படகும் துறைமுகமும் பெரிய வியாபாரிகளும் வந்ததும் கருவாட்டுக்கும், கம்பெனியில் இறால் உரிப்பதற்கும் ஒதுக்கப்பட்டார்கள். யாரும் சட்டம் போடவில்லை. ஒரு தலைமுறைக்குள் 'பெண்கள் வேலை' என்ற பட்டியலே வேறாகிவிட்டது. நம் கலாசாரம் என்றைக்கும் இப்படித்தான் என்று யாராவது சொன்னால், எந்த வருஷத்துக் கலாசாரம் என்று பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம், நம் பண்பாடு என்று ஒருமையில் பேசுவதும் சரியில்லை. கீழக்கரையில் மகள் கல்யாணத்துக்கு வாப்பா வீடு கொடுப்பது நெடுநாள் வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதே மாவட்டத்தில் உள்ளே தள்ளி முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் போனால் பெண் புகுந்த வீட்டுக்குப் போக வேண்டும், காணியும் வீடும் மகனுக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையில் வாழ்ந்து, வீட்டை மகளுக்கே எழுதுகிறார்கள். ஒரே மொழி பேசுகிறவர்களுக்குள் இவ்வளவு வித்தியாசம். வெளிநாட்டாரோடு பேசும்போதுதான் இந்தச் சிக்கல் வரும் என்று நினைக்காதீர்கள். கமுதியிலிருந்து கீழக்கரைக்குப் பேருந்தில் போகும்போதே நீங்கள் வேற்றுப் பண்பாட்டுக்குள் நுழைந்துவிடுகிறீர்கள்.

சரி, உரையாடலுக்கு வருகிறேன். இரண்டு பண்பாட்டுக்காரர்கள் சந்திக்கும்போது முதலில் வருகிற தவறு வார்த்தையில் வருவதில்லை. யாரைப் பார்த்துப் பேசுவது, யார் பதில் சொல்வது, கண்ணை எங்கே வைப்பது, கையை நீட்டலாமா என்பதிலேயே பாதிப் புரிதல் கெட்டுப்போகும். இதெல்லாம் பாலினம் கற்றுக்கொடுத்த பழக்கம். சின்ன வயதிலேயே பழகிவிட்டதால் அது பழக்கம் என்றே நமக்குத் தெரிவதில்லை. எதிராளியின் பழக்கம் மட்டும் உடனே கண்ணில் படும்.

ஸ்வீடனில் நடந்த ஒரு வழக்கு உங்களுக்கு நேராகவே பொருந்தும், ஏனென்றால் அதுவும் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கான நேர்முகம்தான். ஓர் இளம் முஸ்லிம் பெண், பேட்டி எடுத்த ஆண் கை நீட்டியபோது கை கொடுக்காமல் தன் நெஞ்சில் கை வைத்து வணங்கினார். பேட்டி அங்கேயே முடிந்தது. 2018 ஆகஸ்டில் அந்நாட்டுத் தொழில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, 40,000 குரோனர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இதில் இரண்டு தரப்பையும் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு அந்நிய ஆணைத் தொடாமல் இருப்பது மரியாதை. நிறுவனத்துக்கோ, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி கை கொடுப்பதுதான் சமத்துவம், மறுப்பது ஆண் பெண் பேதம் காட்டுவது. ஒருவரிடம் மட்டும் பாலின வழக்கம் இருந்தது, மற்றவரிடம் வெறும் பொது நாகரிகம் இருந்தது என்று சொல்ல முடியாது. இருவரும் தங்கள் ஊர் கற்றுக்கொடுத்த பாலின ஒழுக்கத்தையே கடைப்பிடித்தார்கள். உங்கள் குழுவில் வருகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ ஓர் ஆண் ஆய்வாளர் பெண்களிடம் கையை நீட்ட வேண்டாம். வணக்கமோ, நெஞ்சில் கை வைப்பதோ போதும்.

ஆண்களுக்குள் நடப்பதும் இப்படித்தான். தங்கச்சிமடம் கடைத்தெருவில் இரண்டு ஆண்கள் கை கோர்த்து நடந்தால் நண்பர்கள் என்று நாம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். ஆணும் பெண்ணும் கோர்த்து நடந்தால்தான் பார்ப்போம். அமெரிக்காவில் இது தலைகீழ். 2005 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் புஷ், தன்னைப் பார்க்க வந்த சவூதி இளவரசர் அப்துல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த படம் வெளியானபோது அங்கே அது பெரிய பேச்சானது. அரபு நாட்டு வழக்கத்தில் அது நட்புக்கும் மரியாதைக்கும் அடையாளம். நம் ஊரிலிருந்து அரபு நாடுகளுக்குப் போய் வந்த எவரும் இதைப் படத்தைப் பார்த்தவுடனே சொல்லியிருப்பார்.

அப்படி அரபு வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பாலினம் கட்டப்பட்டது என்பதற்கு நம் மாவட்டத்தில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இங்கே அடுப்படிப் பக்கமே போகாத ஆண், துபாயிலோ தம்மாமிலோ ஓர் அறையில் எட்டுப் பேரோடு இருக்கும்போது முறை வைத்துச் சமைக்கிறார், துவைக்கிறார், காய்ச்சலில் படுத்தவருக்குக் கஞ்சி வைக்கிறார். நன்றாகவே செய்கிறார். அதே ஆள் விடுமுறைக்கு வந்ததும் தண்ணீர்ச் செம்பைக்கூட மனைவி எடுத்துக் கொடுக்க வேண்டும். கை மாறவில்லை, உடம்பு மாறவில்லை, விமானம் இறங்கிய ஊர்தான் மாறியது. அவர் அங்கே இருக்கும் வருஷங்களில் வங்கி, பத்திரப் பதிவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீடு கட்டுகிற மேஸ்திரியோடு கணக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட மனைவி, அவர் வந்த நாளிலிருந்து வெளியாள் முன்னால் பேசாமல் நிற்பார். இது எனக்கு வேதனை தருகிற விஷயம். அந்தப் பெண்ணின் திறமை ஊருக்குத் தெரியும், கணவருக்கும் தெரியும். ஆனாலும் வெளியாள் வரும்போது மறைத்து வைக்க வேண்டியிருக்கிறது.

அந்த வெளியாள் இப்போது உங்கள் ஆய்வுக் குழு. வாசலில் நின்று அம்மாவைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், பதில் ஐயாவிடமிருந்து வரும். குறிப்பேட்டில் 'மனைவிக்குப் பேச உரிமை இல்லை' என்று எழுதுவார்கள். அதில் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை. மீனவர் வீடுகளில் கடன் வாங்குவது, சீட்டுக் கட்டுவது, குழுப் பணம், நகை அடகு, சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், வாங்கிய முன்பணக் கணக்கு ஆகிய பலவும் பெண் கையில்தான் ஓடும். வெளியாளிடம் பேசுவது ஆண் வேலை, உள்ளே பணத்தை நகர்த்துவது பெண் வேலை என்பது அங்கத்திய ஏற்பாடு. ஐரோப்பிய ஆய்வாளருக்குப் பேச்சுதான் அதிகாரத்தின் அடையாளமாகத் தெரியும். இங்கே அதிகாரம் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

கீழக்கரையில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும். வீடு பெண் பேரில் என்று கேள்விப்பட்டதும், இங்கே பெண்கள் ஆட்சி என்று சிலர் எழுதிவிடுவார்கள். திரைக்குப் பின்னால் நிற்பதை மட்டும் பார்த்தவர்கள் அடிமைத்தனம் என்று எழுதுவார்கள். இரண்டுமே அவசரம். கணவன் வீட்டில் 'வெளியே போ' என்ற வார்த்தையைக் கேட்க வேண்டியதில்லை என்பது ஒரு பெண்ணுக்குச் சாதாரணப் பாதுகாப்பு இல்லை. உம்மாவும் லாத்தாவும் (அம்மாவும் அக்காவும்) பக்கத்திலேயே இருப்பது பிரசவத்திலும் கஷ்ட காலத்திலும் எவ்வளவு பெரிய துணை என்று அந்த வீடுகளில் உட்கார்ந்து பேசினால் தெரியும். அதேசமயம் ஒவ்வொரு மகளுக்கும் வீடு கட்ட வேண்டும் என்ற பாரம் வாப்பாவையும் அண்ணன் தம்பிகளையும் வெளிநாட்டிலேயே கட்டிப் போடுகிறது. வீடு பெண் பேரில் இருப்பதால் அதை விற்பதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்கிறார் என்றும் சொல்ல முடியாது. யார் பேரில், யார் முடிவில், யார் உழைப்பில் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் பாடத்தில் நாட்டுப் பண்பாடுகளை ஒப்பிட்ட ஆய்வாளர் ஹோஃப்ஸ்டெட் வருவார். ஐபிஎம் கணினி நிறுவன ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து நாடுகளை 'ஆண்மை' மிகுந்தவை, 'பெண்மை' மிகுந்தவை என்று மதிப்பெண் போட்டார். 'ஆண்மை'க்கு ஜப்பான் 95, ஸ்வீடன் 5, இந்தியா 56. தேர்வுக்கு எழுதுங்கள், களத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். போட்டியும் வெற்றியும் ஆண்மை, அக்கறையும் இணக்கமும் பெண்மை என்று பெயர் வைப்பதே ஒரு பண்பாட்டின் பாலினக் கணக்கு. மூச்சடக்கி முங்குகிற பெண்கள் இருக்கிற ஜப்பானைப் பற்றியோ நம்மைப் பற்றியோ அந்த எண்களால் ஒன்றும் விளங்காது. ஒரு நாட்டுக்கே ஓர் எண் கொடுத்தால் கமுதியும் கீழக்கரையும் அதில் எங்கே போகும்?

ஆணும் பெண்ணும் மட்டுமே உண்டு என்பதும் படிவம் தயாரித்தவர்களின் பழக்கம்தான். தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் 2008-இல் வந்தது. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. உங்கள் படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை நீங்களே ஊகித்து நிரப்பாமல் அவரிடமே கேளுங்கள்.

இனி நடைமுறை. கணக்கெடுப்பில் 'தொழில் என்ன?' என்று கேட்டால் பாசி எடுக்கிற அக்காவே "சும்மா வீட்டுலதான் இருக்கேன்" என்பார். தொழில் என்றால் ஆண் கடலுக்குப் போவது என்று ஊர் பழக்கியிருக்கிறது. நீங்கள் அதை அப்படியே மொழிபெயர்த்தால் அறிக்கையில் 'இல்லத்தரசி' என்று ஏறிவிடும். அறிக்கையைப் பார்த்துத்தான் அடையாள அட்டையும் நிவாரணமும் பேசப்படுகின்றன. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பிறகு, தீவை ஒட்டிய பாறைகளுக்குப் போகத் தடை வந்து பிழைப்பு இழந்தவர்களில் இந்தப் பெண்கள் இருந்தார்கள். மீனவர் என்றால் ஆண் என்றே பழகிய கண்ணுக்கு அவர்கள் பிழைப்பு இழந்தது தெரியவே இல்லை. ஜெஜு தீவுப் பெண்களின் முங்கலை 2016-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபாகப் பட்டியலில் சேர்த்தது. நம் பெண்கள் செய்வதும் அதே வேலை. ஆகவே 'நேற்று விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?' என்று கேள்வியை மாற்றச் சொல்லுங்கள். தண்ணீரில் நின்ற நேரம் தானாக வெளியே வரும்.

நீங்கள் பெண் என்பதால் சில கதவுகள் உங்களுக்குத் திறக்கும், சில திறக்காது. கீழக்கரையில் வீட்டின் உள்கட்டு வரை போவீர்கள். விடிகாலை ஏலத்திலும், படகு பழுது பார்க்கிற இடத்திலும் ஆண்கள் உங்கள் முன்னால் அளந்துதான் பேசுவார்கள், கடன் தகராறையும் எல்லை தாண்டிய கதையையும் சொல்ல மாட்டார்கள். அதற்கு ஓர் ஆண் மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்துக்கொள்ளும்படி கேளுங்கள். ஐயா பேசி முடித்ததும் அவரைத் தாண்டி அம்மாவிடம் கேள்வியைத் தூக்கிப் போடாதீர்கள், வீட்டுக்குள் சண்டை மூளும். ஆண் ஆய்வாளர் அவரைப் படகைக் காட்டச் சொல்லி அழைத்துப் போகட்டும், நீங்கள் அடுப்படியில் உட்காருங்கள். இளம்பெண் குனிந்து பதில் சொன்னால் ஏதோ மறைக்கிறாள் என்று குழுவினர் நினைப்பார்கள். மூத்தவர் முன்னால் கண்ணைத் தாழ்த்துவது அவளுக்குச் சொல்லிக் கொடுத்த மரியாதை என்று நீங்கள்தான் விளக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் அதுவும் ஒரு பகுதி.

கடைசியாக, தேதி. பாசிக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றுகிற நாட்களில் போவார்கள். சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள், பாசி மறுபடி வளரட்டும் என்று மாதத்துக்கு 12 நாள் போதும் என வரம்பு வைத்துக்கொண்டவர்கள். அந்த நாட்களில் நீங்கள் போனால் வீட்டில் ஆண்கள்தான் இருப்பார்கள், பெண்களைப் பற்றிய கேள்விகளுக்கும் அவர்களே பதில் சொல்லுவார்கள். குழு பயணத் தேதியை முடிவு செய்வதற்கு முன்னால் நாட்காட்டியில் பிறை பார்த்து, ஊரில் ஓர் அக்காவிடம் போன் போட்டுக் கேட்டு, பாசிக்குப் போகாத வாரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.